கடித்தால் ஊஞ்சல் கிடைக்கிறது: ஓர் எல்.கே.ஜி. ஆசிரியைக்குப் பதில்

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றில், அங்கீகாரம் பெற்ற தனியார் நர்சரி பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறோம்.

அவருடைய எல்.கே.ஜி. வகுப்பில் 27 பிள்ளைகள், உதவிக்கு ஓர் ஆயா. ஜூனில் சேர்ந்த ஒரு பையனுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம். அரசு மருத்துவமனையில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் ஐசா (ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல்) மதிப்பெண் 112. ஒன்றிலிருந்து நூறு வரை தடுமாறாமல் சொல்கிறான், ஆனால் தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. டிவி விளம்பர வரி ஒன்றை நாள் முழுக்கச் சொல்கிறான். பிரேயர் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடுகிறான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாட்டுச் சொல்லும்போது பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான். ஆயா தூக்கிக்கொண்டு போய் ஊஞ்சலில் வைத்தால் உடனே அமைதியாகிவிடுகிறான். ஊஞ்சலுக்கு ஆள் இல்லாத நாட்களில் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். “ஷேடோ டீச்சர் வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க” என்கிறார் தாளாளர். ஷேடோ டீச்சர் என்றால் அவன் ஒருவனுக்காகவே பக்கத்தில் இருக்கும் உதவியாளர். அம்மா போன் கொடுத்துப் பழக்கியதுதான் காரணம் என்று சக ஆசிரியைகள் பேசிக்கொள்கிறார்கள். பட அட்டை காட்டினால் பேச்சே வராமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் இப்போது ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சைக்குப் பணம் சேர்க்கிறார்கள்; பள்ளியில் வசூல் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். “இவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வைத்துக்கொள்வது நல்லதா, அனுப்பிவிடுவது நல்லதா?” என்பது ஆசிரியையின் கேள்வி.

சிறப்புக் கல்வியாளரின் பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

துப்பட்டாவால் கட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அவன் துள்ளினால் நாற்காலியோடு கவிழ்ந்து தலையில் அடிபடும். சட்டப்படியும் அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. தாளாளரே சொன்னாலும், கட்டிய கை யாருடையது என்றுதான் பிறகு விசாரிப்பார்கள். ஆயாவிடம் இதைக் குற்றமாகச் சொல்லாமல், “இனிமே வேற வழி பண்ணப் போறோம்” என்று சொல்லுங்கள். நான் கீழே எழுதியிருப்பதில் பாதி வேலை அவர் கையால்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அதே அவசரத்தில் இன்னொன்று. அவன் ஓடுகிற பிள்ளை. ஆட்டிசமுள்ள பல குழந்தைகளைத் தண்ணீர் இழுக்கும். பள்ளியில் சம்பு, கிணறு, திறந்த தொட்டி எது இருந்தாலும் மூடிக்குப் பூட்டுப் போடச் சொல்லுங்கள். வகுப்புக் கதவில் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி இருக்கட்டும். எந்நேரமும் உள்ளே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கேட் வாட்ச்மேனுக்கு அவன் முகம் தெரிய வேண்டும். அம்மாவின் போன் எண்ணைச் சட்டையின் உள்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளை அவன்.

கடி எதற்காக?

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வட்டத்தில் 27 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து கத்திப் பாடுகிறார்கள். அவனுக்கு அது தாங்கவில்லை. கடிக்கிறான். கடித்த அரை நிமிடத்தில் அந்த இடத்திலிருந்து விடுதலையும் கிடைக்கிறது, ஊஞ்சலும் கிடைக்கிறது. “வெளியே போகணும் மிஸ்” என்று சொல்லத் தெரியாதவனுக்கு இதைவிட வேகமாக வேலை செய்யும் வழி வேறென்ன? அவனுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தது, வேண்டுமென்றே இல்லாவிட்டாலும், உங்கள் பள்ளிதான்.

இது என் ஊகமாகவே இருந்துவிடக் கூடாது. ஐந்து பள்ளி நாட்களுக்கு ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது. “கோபப்பட்டான்”, “அடம்” என்றெல்லாம் எழுத வேண்டாம்; கேமராவில் தெரியக்கூடியதை மட்டும் எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு பதிவு சேர்ந்ததும் படித்துப் பார்த்தால், தப்பிக்கக் கடிக்கிறானா, பொருளுக்காகவா, யாராவது திரும்பிப் பார்க்கவா என்பது தெரிந்துவிடும். எந்தச் சூழலோடும் பொருந்தாமல், திடீரென்று ஒரு வாரத்தில் கடி கூடியிருந்தால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையின் வலி பல சமயம் இப்படித்தான் வெளிவரும். அறிக்கையில் செவித்திறன் சோதனை நடந்ததாக இருக்கிறதா என்றும் பாருங்கள். விளம்பரம் திருப்பிச் சொல்கிறானே, காது கேட்காமலா என்று விட்டுவிடுவார்கள். ஓரளவு மட்டும் காது கேட்காத குறை அப்படி வெளியே தெரியாது.

தப்பிக்கத்தான் கடிக்கிறான் என்று உறுதியானால் மாற்று வழி இது. ஊஞ்சலைப் போட்டோ எடுத்து, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு லேமினேட் செய்து, அவன் உட்காரும் இடத்தில் வெல்க்ரோவால் ஒட்டுங்கள். வட்டத்தில் அவனை விளிம்பில், சுவரை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பிள்ளை இருக்கும்படி உட்கார வையுங்கள். அவன் வழக்கமாக நாலாவது நிமிடத்தில் கடிக்கிறான் என்றால் இரண்டாவது நிமிடத்திலேயே, அவன் அமைதியாக இருக்கும்போதே, ஆயா பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து உங்களிடம் கொடுக்க வைக்க வேண்டும். நீங்கள் “ஊஞ்சல்” என்று ஒரே சொல் சொல்லி உடனே அனுப்பிவிடுங்கள். இரண்டு நிமிடம் ஆடிவிட்டுத் திரும்பி வரட்டும். கடித்தால் ஊஞ்சல் கிடையாது. கடிபட்ட பிள்ளையைக் கவனித்துவிட்டு, அவனைச் சற்றுத் தள்ளி உட்கார வையுங்கள், அவ்வளவுதான். திட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். முதல் சில நாட்களில் கடி குறையாது, கூடவும் செய்யும். நேற்று வரை வேலை செய்த வழி இன்று ஏன் வேலை செய்யவில்லை என்று இன்னும் பலமாகக் கடித்துப் பார்ப்பான். அந்த நாட்களில் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மற்றப் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அடுத்தது, “இரு, இந்தப் பாட்டு முடியட்டும்” என்று அட்டை கொடுத்தவனைக் காக்க வைப்பது. அட்டை கடியைவிட வேகமாகப் பலிக்காவிட்டால் அவன் கடிக்கே திரும்புவான். காத்திருக்கப் பழக்குவது அடுத்த மாதப் பாடம்.

படம் பேச்சைத் தடுக்குமா?

தடுக்காது. பட அட்டைப் பரிமாற்ற முறையை ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் அமெரிக்காவில் 1985-இல் வகுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் அட்டையால் பேச்சு நின்றுபோனதாகத் தெரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்பது புரிந்த பிறகே கேட்பதற்குச் சொல் தேவைப்படுகிறது. அந்தப் புரிதல்தான் உங்கள் பையனிடம் இன்னும் இல்லை.

ஊஞ்சல் அட்டையோடு, தின்பண்ட நேரத்திலும் இதைத் தொடங்குங்கள். அவனுக்கு முறுக்கு பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறுக்கை நகத்தளவு துண்டுகளாக ஒடித்து டப்பாவில் வையுங்கள். ஒரு முறுக்கில் பத்துப் பதினைந்து வாய்ப்பு வரும். நீங்கள் எதிரில், ஆயா பின்னால். நடுவில் ஒரே ஓர் அட்டை. அவன் முறுக்குக்குக் கை நீட்டும்போது ஆயா அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எடுத்து, உங்கள் உள்ளங்கையில் போட வைக்க வேண்டும். போட்ட கணமே “முறுக்கு” என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். “என்ன வேணும்? சொல்லு, சொல்லு” என்று கேட்காதீர்கள். கேட்டுப் பழக்கினால், நீங்கள் கேட்டால்தான் கேட்பது என்று ஆகிவிடும். ஆயாவும் வாய் திறக்கக் கூடாது; அவர் கைகள் மட்டும் வேலை செய்ய வேண்டும், அதையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதல் வாரம் ஆயாவுக்கு ஒழியாது என்றால் அம்மாவையே தின்பண்ட வேளையில் அரை மணி வரச் சொல்லுங்கள்.

உதவியில்லாமல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கியதும் அட்டையைச் சற்றுத் தள்ளி வையுங்கள், பிறகு நீங்களும் தள்ளி நில்லுங்கள். எழுந்து நடந்து வந்து கொடுக்க வேண்டும். அது நிலைத்த பிறகே இரண்டு அட்டை: ஒன்று முறுக்கு, இன்னொன்று அவன் சீந்தாத ஏதாவது, காலுறை மாதிரி. காலுறை அட்டையைக் கொடுத்தால் காலுறையைக் கையில் கொடுங்கள். முகம் சுளிப்பான், அப்போதுதான் படத்தைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது உறைக்கும். முதல் நாளே பத்துப் படத்தைச் சார்ட்டில் ஒட்டி மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அது சுவருக்கு அலங்காரம்.

இன்னொரு சிக்கல் வீட்டில் இருக்கும். காலையில் டப்பா நிறைய முறுக்குத் தின்றுவிட்டு வருகிற பிள்ளை பள்ளியில் எதற்கு அட்டை கொடுப்பான்? வீட்டில் முறுக்கை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது வீட்டிலும் அட்டைக்கே கொடுக்கச் சொல்லுங்கள். அந்த விளம்பர வரியையும் நோட்டில் குறித்துவையுங்கள். பசிக்கும்போதா, பயத்திலா, சும்மா இருக்கும்போதா? திருப்பிச் சொல்வதெல்லாம் வெற்று ஒலி ஆகாது. பல குழந்தைகளுக்கு அதுவே ஒரு வேண்டுகோள். பசி நேரத்தில் சொல்கிறான் என்று தெரிந்தால், அந்த இடத்தில் “பசிக்குது” என்று அவன் சொல்ல வேண்டிய வடிவில் நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்.

வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று பள்ளி சொல்லியிருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தைக்குக் கேடு இல்லை. ஆனால் தெரியாத மொழியில் பேசச் சொன்னால் அம்மா பேசுவதையே குறைத்துவிடுவார், நஷ்டம் அங்கேதான்.

நூறு வரை எண்ணுகிறவனுக்கு என்ன பாடம்?

ஒரு தட்டில் ஆறு பாட்டில் மூடியைப் போட்டு, “ரெண்டு குடு” என்று கை நீட்டுங்கள். பெரும்பாலும் ஆறையும் அள்ளித் தருவான், அல்லது ஒன்று இரண்டு மூன்று என்று பாட்டாகச் சொல்லத் தொடங்குவான். ஒலிவரிசை மனத்தில் நிற்கிறது, எண்ணிக்கை இன்னும் வரவில்லை. ‘எல்லாம் தெரிந்தவன், வேண்டுமென்றே செய்கிறான்’ என்று நீங்கள் எழுதியது இதனால்தான் சரியில்லை. நூற்றுக்குப் பிறகு நூற்றொன்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். “ஒண்ணு குடு”, “ரெண்டு குடு” போதும், இந்தப் பருவம் முழுவதற்கும்.

உட்கார வைப்பதற்கு, போட்டு முடிக்கிற வேலையிலிருந்து தொடங்குங்கள். தகர டப்பா மூடியில் ஒரு நீளத் துளை, இடது பக்கத் தட்டில் ஐந்து மூடி, வலது பக்கம் ‘முடிஞ்சது’ கூடை. ஐந்தையும் போட்டான், டப்பா கூடைக்குப் போனது, அவன் எழுந்து போகலாம். ஒரு நிமிடத்து வேலைதான். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்தால் அடுத்து என்ன என்ற நான்கும் வாயால் சொல்லாமலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் 1970-களில் உருவாக்கிய டீச் முறையின் சாரம் இது. நர்சரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்பது என் கருத்து. பிறகு ஒரே மாதிரிப் பொருளை ஜோடி சேர்ப்பது, பொருளையும் படத்தையும் சேர்ப்பது என்று போகலாம். பென்சில் பிடிப்பதற்கு அவசரமில்லை. நாற்காலியில் கால் தொங்கினால் ஒரு பலகை போட்டுப் பாதம் படிய வையுங்கள். கால் தொங்குகிற பிள்ளை நிலையாக உட்காராது.

சொல்வதைச் சுருக்குங்கள். “கண்ணா இங்க வந்து சமத்தா உட்காரு பார்க்கலாம்” என்பதில் அவனுக்கு வேண்டியது “உட்காரு” மட்டும். ஒருமுறை சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். மூன்றாவது நொடியில் மறுபடி சொன்னால் அவன் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். எண்ணி முடித்தும் செய்யாவிட்டால் மெதுவாகத் தொட்டுச் செய்ய வையுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லித் தாடையைத் திருப்ப வேண்டாம். பார்க்காமலே கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்து என்ன என்பதைக் காட்ட, படத்தைவிடப் பொருளே அவனுக்கு இப்போது எளிது. டம்ளரைக் கையில் கொடுத்தால் தண்ணீர் நேரம், செருப்பு என்றால் வெளியே, பை என்றால் வீடு. மணி அடிப்பதற்கு முன்பே அவனைச் சத்தம் குறைந்த மூலைக்கு அழைத்துப் போய்விடுங்கள், அல்லது பிரேயர் முடிந்து பத்து நிமிடம் கழித்து வரச் சொல்லுங்கள். பிரேயரில் நின்று பழகுவதால் அவனுக்கு இந்த ஆண்டு பெரிதாக எதுவும் கிடைக்கப் போவதில்லை.

மதிப்பெண் 112 என்றால் தேறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐசா 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல். 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். எதிர்காலத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது, பாடம் திட்டமிடவும் அது உதவாது. உங்கள் நோட்டு உதவும்.

அனுப்பிவிடலாமா?

தாளாளர் நினைப்பது போல இது பள்ளியின் விருப்பம் சார்ந்தது இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது: பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். பெற்றோர் தம் செலவில் ஷேடோ டீச்சர் வைத்தால்தான் இடம் என்ற நிபந்தனை அதில் இல்லை. டி.சி. கொடுத்தால் பெற்றோர் மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், பள்ளிக்குச் சிக்கல் வராமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையோடு அவரிடம் சொல்லுங்கள். கூடவே உங்கள் ஐந்து நாள் நோட்டையும் திட்டத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும்.

ஷேடோ டீச்சர் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். பயிற்சி இல்லாத ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைத்தால், குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் அவர் சுவராகிவிடுவார். யாரை அமர்த்தினாலும், சிறப்புக் கல்வியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கட்டும்.

என் யோசனை, சில மாதங்களுக்குக் காலை மட்டும் பள்ளி, வாரத்தில் இரண்டு மதியம், வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் இடையீட்டு மையம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சி உட்படச் சேவைகள் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் ‘விழுதுகள்’ சேவை மையம் உங்கள் பகுதியில் இருந்தால் அங்கும் போகலாம். அரை நாளில் ஓர் ஆபத்து உண்டு: தற்காலிகம் என்று தொடங்கி நிரந்தரமாகிவிடும். ஆறு வாரத்தில் மறுபரிசீலனை என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவு பெற்றோருடையது. முழு நேரச் சிறப்புப் பள்ளியை அவர்களே விரும்பினால் அதுவும் தவறில்லை; பள்ளி தள்ளிவிட்டுப் போவதுதான் தவறு.

அம்மாவிடம் பேசும்போது

போனால் ஆட்டிசம் வருவதில்லை. மணிக்கணக்கில் திரை பார்த்தால் மற்றவர்களோடு பேசிப் பழகும் நேரம் போகிறது. குறைக்கச் சொல்வதற்கு அந்தக் காரணமே போதும். தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று 1950-களிலும் 60-களிலும் மேலை நாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். பின்னர் அது தவறென்று கைவிடப்பட்டாலும், அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் பழி சுமந்துவிட்டார்கள். உங்கள் ஓய்வறைப் பேச்சு அதே பழிதான். மாலையில் பிள்ளையைக் கொடுக்கும்போது “இன்னிக்கும் கடிச்சான்” என்று தொடங்காமல், “இன்னிக்கு நாலு தடவை அட்டை கொடுத்தான்” என்று முதலில் சொல்லுங்கள். கடித்ததையும் மறைக்க வேண்டாம்.

வசூல் விஷயம். ஸ்டெம் செல் ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பள்ளியின் பெயரில் வசூலிக்காதீர்கள். ஆனால் வெறும் மறுப்போடு அவர்களை அனுப்பவும் வேண்டாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. சேர்த்து வைத்திருக்கும் பணம் மையத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும், அந்த மதியங்களில் அப்பாவோ அம்மாவோ இழக்கும் கூலிக்கும் ஆகட்டும். ஸ்டெம் செல் மருத்துவமனைக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்; திரும்பக் கேட்க அது வேண்டும்.